ஹாலிவெல்லுக்காக ஒருமுறை பாருங்கள்

'பிரிக் அப் யுவர் இயர்ஸ்' (1987) படத்தை நாடகாசிரியர் ஜோ ஆர்ட்டனுக்காகத்தான் பார்க்க உட்கார்ந்தேன். முடிந்தபோது மனதில் நின்றவர் அவருடைய துணைவர் கென்னத் ஹாலிவெல்.

ஆர்ட்டனைவிட ஆறரை வயது மூத்தவர், படித்தவர். எழுதக் கற்றுக்கொடுத்ததே அவர்தான். லண்டன் இஸ்லிங்டனில் ஒரே ஒரு அறை, சுவர் முழுக்க ஒட்டுப்படங்கள். நூலகப் புத்தகங்களின் அட்டைகளைச் சிதைத்ததற்காக 1962-இல் இருவருக்கும் 6 மாதச் சிறை. அப்புறம் ஆர்ட்டனுக்குப் புகழ் வருகிறது, இவருக்கு எதுவும் வரவில்லை. விருந்துகளில் விக்கைச் சரிசெய்துகொண்டு ஓரமாக நிற்கும், ஹாலிவெல்லாக நடித்த ஆல்ஃபிரட் மோலினாவின் முகத்தைப் பார்க்கவே முடியவில்லை. இரண்டு முறை நிறுத்திவிட்டு எழுந்து போனேன். ஆர்ட்டனாக வரும் கேரி ஓல்ட்மனும் பிரமாதம்தான்.

ஆர்ட்டனின் வாழ்க்கை வரலாற்றாசிரியர் தகவல் திரட்டும் பகுதி மட்டும் இழுவை. சரி, அதைப் பொறுத்துக்கொள்ளலாம்.

1967 ஆகஸ்டில் ஹாலிவெல் சுத்தியலால் ஆர்ட்டனைக் கொன்றுவிட்டுத் தானும் மாத்திரை விழுங்கிச் செத்தார். இந்த முடிவைப் படம் ஒளித்து வைக்கவில்லை. கொலையை நியாயப்படுத்தவும் இல்லை, அவரை அரக்கனாக்கவும் இல்லை. இயக்குநர் ஸ்டீஃபன் ஃப்ரியர்ஸுக்கும் வசனம் எழுதிய ஆலன் பென்னட்டுக்கும் அதற்காகவே என் நன்றி.