மீமுரேயா, குடும்பிமலையா?

கடலையும் வாவியையும் பார்த்தே வளர்ந்த மட்டக்களப்பாருக்கு மலை என்றால் ஒரு தனி ஆசை. நாலு நாள் லீவு சேர்ந்தால் வான் பேசிவிடுவோம். இப்போது எல்லார் வாயிலும் இருக்கும் பெயர் மீமுரே. கண்டி மாவட்டத்து மலைகளுக்குள் ஒளிந்திருக்கும் கிராமம், மர்மமான இடம் என்கிறார்கள். போன மாதம் மச்சான் கேட்டார்: "அவ்வளவு தூரம் ஓட வேணுமா? எங்கட குடும்பிமலை இருக்கே?" இரண்டு இடமும் போய் வந்தவன் என்பதால் உடனே பதில் சொல்ல முடியவில்லை.

மீமுரேக்குப் போவதே பாதிப் பயணம். செங்கலடியில் திரும்பி மகாஓயா, பதியத்தலாவ, மஹியங்கனை என்று சமவெளியிலேயே ஓடி, பிறகு ‘18 வளைவு’ என்ற மலைப்பாதையில் ஏறி ஹுன்னஸ்கிரியவைப் பிடிக்க வேண்டும். அங்கிருந்து வலப்பக்கமாக லூல்வத்த வழியே உள்ளே போகிறது பாதை. கோர்பட்ஸ் கேப் என்ற கணவாயில் இறங்கி நின்றால் எதிரே லக்கேகல மலை, தீட்டிய ஈட்டிமுனை போல. அதன்பின் கிராமம் வரை இறக்கம்தான். நாங்கள் போன வான் சாரதி ஹுன்னஸ்கிரியவிலேயே "இதுக்கு மேல என்ர வண்டி வராது" என்று கையை விரித்துவிட்டார். மிச்ச வழிக்கு ஜீப் பிடிக்க வேண்டியதாயிற்று. ஆகவே முதலிலேயே வண்டியைப் பற்றிப் பேசி வையுங்கள். 2025 நவம்பர் கடைசியில் வந்த டித்வா புயல் கண்டி மாவட்டத்து மலைப்பாதைகளைப் புரட்டிப் போட்டது. அதனால் பாதை எப்படி இருக்கிறது என்று தங்குமிடத்துக்கு ஒரு கோல் எடுத்துக் கேட்காமல் புறப்பட வேண்டாம்.

குடும்பிமலைக்கு இந்தப் பாடு கிடையாது. நம்ம மாவட்டத்திலேயே கிரானில் மேற்கே திரும்பினால் புலிபாய்ந்தகல், வயல் வட்டைகள், பிறகு காடு. காலையில் மோட்டார் சைக்கிளில் போய்ப் பொழுதுபட வீட்டுக்கு வந்துவிடலாம். ஆனால் மாரியில் மறந்துவிடுங்கள். வெள்ளம் பாதையில் ஏறினால் அந்தப் பக்கத்துச் சனமே படகிலும் உழவு இயந்திரத்திலும்தான் கிரானுக்கு வரும்.

சரி, மர்மம் என்கிறார்களே, அது எங்கே கூட? மீமுரேக்காரர் லக்கேகலவை இராவணனோடு சேர்த்துத்தான் சொல்வார்கள். அவன் விமானம் அங்கிருந்துதான் ஏறியதாம். இராவணனோடு சேர்த்துச் சொல்லும் கன்னியா வெந்நீர்க் கிணற்றையும் திருகோணமலை இராவணன் வெட்டையும் பார்த்து வளர்ந்த நமக்கு இந்தக் கதை அந்நியமில்லை. இரவில், மலையின் கறுப்பு உருவம் மட்டும் தெரிய, ஊர்ப் பெரியவர் ஒருவர் சிங்களத்தில் சொல்ல, பாதி விளங்கியும் விளங்காமலும் கேட்பது நல்ல அனுபவம். நம்புவது உங்கள் பாடு.

குடும்பிமலையின் கதை வேறு மாதிரி. 500 மீற்றருக்குச் சற்று மேலான ஒற்றைப் பாறைதான். நம்மவர் அதில் குடுமியைக் கண்டார்கள். சிங்களவர் தொப்பியைக் கண்டு தொப்பிகல என்றார்கள், ஆங்கிலேயரும் தொப்பி என்றே வரைபடத்தில் எழுதினார்கள். போர்க்காலத்தில் புலிகளின் தளமாக இருந்து, 2007 ஜூலையில் இராணுவத்தின் கைக்குப் போனது. அந்த மலையை ஒரு தலைமுறை தூரத்தில் இருந்துதான் பார்த்தது. இங்கே மர்மம் இராவணன் காலத்தில் இல்லை, அப்பாமார் பேசாமல் விட்ட வருடங்களில் இருக்கிறது. என்னை அதுதான் அதிகம் பிடித்து இழுத்தது. மாட்டுப் பட்டிக்காரரிடம் பேச்சுக் கொடுத்தால் கதை மலையில் நிற்காது, மேய்ச்சல் தரைக்குப் போய்விடும். மயிலத்தமடு, மாதவனை மேய்ச்சல் தரைகளுக்காகப் பண்ணையாளர்கள் 2023 செப்டெம்பரில் சித்தாண்டியில் போராட்டத்தில் உட்கார்ந்தார்களே, அந்தக் கதைக்கு.

பழைமைதான் வேண்டும் என்றால் இரண்டையும் விட்டுவிட்டு அம்பாறைப் பக்கம் ராஜகல என்ற பழைய பௌத்த மடாலயத்துக்குப் போங்கள். அம்பாறை நகரிலிருந்து சுமார் 25 கிலோமீற்றர். இலங்கைக்குப் பௌத்தத்தைக் கொண்டுவந்த மகிந்த தேரரையும், கூட வந்த இட்டிய தேரரையும் பெயர் சொல்லும் பிராமிக் கல்வெட்டு அங்கே இருக்கிறது. காட்டுக்குள் சிதறிக் கிடக்கும் இடிபாடுகளைப் பார்க்கவே அரை நாள் வேண்டும். ஆனால் அங்கே ஊர் என்று ஒன்று இல்லை, யானை உண்டு. பின்னேரம் பிந்த வேண்டாம்.

தங்குவதில் மீமுரேயை அடிக்க ஆளில்லை. விருந்தாளியை வைத்துப் பார்க்கத் தெரிந்த ஊர் அது. வீட்டிலேயே அறை, விறகடுப்புச் சோறு, கித்துள் கருப்பட்டி, முற்றத்தில் காயும் மிளகு, குளிக்க ஆறு. பிள்ளைகுட்டியோடு போவதென்றால் இதைத்தான் சொல்வேன். மழை தூறினால் அட்டை கடிக்கும், சவர்க்காரத்தைக் காலில் பூசிக்கொண்டால் பெரும்பாலும் தப்பலாம். குடும்பிமலையில் இப்படி எதையும் எதிர்பார்க்காதீர்கள். தண்ணீர், சாப்பாடு எல்லாம் கையோடு கொண்டுபோக வேண்டும், நிழலும் குறைவு. பத்து மணிக்குப் பிறகு பாறை சுடும்.

மச்சானுக்குச் சொன்னது இதுதான்: மாமியும் பிள்ளைகளும் வருவதென்றால் மீமுரே, இரண்டு இரவு. நீங்களும் நானும் மட்டும் என்றால் மாசி பிறந்து வெள்ளம் வடியட்டும், விடிய நாலரைக்குக் குடும்பிமலைக்கு வெளிக்கிடுவோம். வரும் வழியில் கிரானில் ஒரு சட்டி எருமைத் தயிர் வாங்கலாம். அதற்கு மட்டும் அவர் உடனே ஓம் என்றார்.