கனகதாரா சொல்ல வாங்கியவை: 650 ரூபாய் பெட்டி, 15 ரூபாய் புத்தகம், 40 ரூபாய் புத்தகம்

எங்களுக்குக் கோத்தகிரிப் பக்கம் முக்கால் ஏக்கர் தேயிலை. மீதி நேரம் எனக்குத் தையல் மெஷின். பச்சைத் தேயிலை கிலோ என்ன விலை போகுதுன்னு இந்த மலையில் யாரைக் கேட்டாலும் பதிலுக்கு முன்னால் ஒரு பெருமூச்சு வரும். அந்தப் பெருமூச்சோடதான் போன கார்த்திகையில், வெள்ளிக்கிழமை சாயங்காலம் விளக்கேத்தி, செல்வம் வேண்டி மகாலட்சுமியைத் துதிக்கிற கனகதாரா ஸ்தோத்திரம் சொல்றதுன்னு முடிவு பண்ணினேன். சமஸ்கிருதம் படிச்சதில்லை. தமிழ் எழுத்தில் பார்த்துத்தான் சொல்லணும்.

முதல்ல வாங்கினது புத்தகம் இல்லை, பெட்டி. கரண்ட் பாயிண்ட்ல சொருகினா மந்திரம் பாடுமே, அது. ஆன்லைன்ல 650 ரூபாய். கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனா கூடவே பாடிக் கத்துக்கலாம்னு நினைச்சா முடியாது. கோரஸும் தபலாவுமா வேகமா ஓடுது, ஒரு வரி எங்க முடிஞ்சு அடுத்தது எங்க தொடங்குதுன்னே பிடிபடாது. நிறுத்தித் திருப்பிக் கேட்க வழியில்லை. பட்டனை அமுக்கினா அடுத்த ஸ்தோத்திரத்துக்குத் தாவிடும். இன்னொரு கூத்து, கரண்ட் போய் வந்தா அதுவே பாட ஆரம்பிச்சிடும். எங்க ஊர்ல மழைக்காலத்துல கரண்ட் எப்போ போகும், எப்போ வரும்னு சொல்லவா வேணும்? ஒரு நாள் ராத்திரி ரெண்டு மணிக்கு முழுச் சத்தத்துல ஆரம்பிச்சது. "மகாலட்சுமி வந்துட்டா, எந்திரிச்சுக் கதவைத் திற"ன்னு போர்வைக்குள்ள இருந்தே சொல்றார் வீட்டுக்காரர். மறுநாள் அதைப் பிடுங்கி வச்சவதான்.

அப்புறம் பஜார்ல 15 ரூபாய்க்கு ஒரு சின்னப் புத்தகம். மஞ்சள் தாள், சிவப்பு மை. பகல்ல பார்க்க மங்களகரமா இருக்கும், விளக்கு வெளிச்சத்துல ஒரு எழுத்து தெரியாது. அதையும் கண்ணாடி போட்டுக்கிட்டு ஒரு மாசம் படிச்சேன். ரவிக்கை தைக்கக் குடுக்க வந்த ஒரு டீச்சரம்மா, ரிட்டயர் ஆனவங்க, நான் முணுமுணுக்கறதைக் கேட்டுட்டு, "அந்த வரியை இன்னொரு தடவை சொல்லு"ன்னாங்க. "துஷ்கர்ம கர்மம் அபநீய"ன்னேன். சிரிச்சுட்டாங்க. ரெண்டாவது கர்மம் கர்மமே இல்லையாம், அதோட முதல் 'க'வைத் தொண்டையிலிருந்து அழுத்திச் சொல்லணுமாம். அதுக்கு அர்த்தம் வெக்கை, புழுக்கம். சமஸ்கிருதத்துல இருக்கிற நாலு 'க' சத்தத்துக்கும் தமிழ்ல ஒரே 'க' நிக்கறதால என் புத்தகத்துல ரெண்டும் ஒண்ணாயிடுச்சு.

அவங்க சொல்லித்தான் 40 ரூபாய் புத்தகம் வாங்கினேன். உண்மையில் இந்த விமர்சனமே அதுக்காகத்தான். கறுப்பு மை, கடலைப் பருப்பு அளவு எழுத்து. முக்கியமா, எழுத்து தலைமேல 2, 3, 4ன்னு எண் போட்டிருக்கு. சும்மா இருந்தா க. 3 இருந்தா 'கங்கை'யில் முதல்ல வர்ற சத்தம். 2, 4 இருந்தா மூச்சோட சேர்த்துச் சொல்லணும். அந்த வரி இதுல 'து³ஷ்கர்ம க⁴ர்மம்'னு இருக்கு. முதல் வாரம் கணக்கு நோட்டு மாதிரி கண்ணைக் கட்டுச்சு. மூணாவது வாரம் பழகிடுச்சு.

பக்கத்துக்கு ஒரே ஸ்லோகம், கீழே பதம் பிரிச்சு அர்த்தம். அர்த்தத்தோட தமிழ் கொஞ்சம் கரடுமுரடுதான், 'அங்ஙனமாகிய' வகை. ஆனாலும் அந்த 'க⁴ர்மம்' வர்ற ஸ்லோகம், இந்தப் புத்தகத்துல ஒன்பதாவது, எனக்கு அதுலதான் புரிஞ்சது. மகாலட்சுமித் தாயாரோட கண்தான் மேகம். கருணை காத்து. ஒண்ணுமில்லாம சோர்ந்து கிடக்கிற பறவைக் குஞ்சு நான். பாவம்ங்கிற வெக்கையை விரட்டிட்டு அந்த மேகம் செல்வ மழையைப் பொழியணும். இத்தனை நாள் 'கர்மம் கர்மம்'னு சொல்லி மழைக்கு முன்னாடி இருக்க வேண்டிய புழுக்கத்தையே விட்டுட்டேனே! வருஷத்துல பாதி நாள் மேகம் அடுப்படிக்குள்ளேயே வர்ற ஊர்ல இருந்துக்கிட்டு.

ராகம் புத்தகத்துல இல்லை. அதுக்கு ஒரு வழி கண்டுபிடிச்சேன். கோயில் மைக்ல கேட்டுக் கேட்டு சுப்ரபாதம் எல்லாருக்கும் காதுல இருக்குமே, அதுல 'மாதஸ் ஸமஸ்த ஜகதாம்'னு வர்ற இடத்தோட மெட்டுல 'அங்கம் ஹரே: புலக பூஷணம் ஆச்ரயந்தீ'ன்னு சொல்லிப் பாருங்க, இடிக்காம உட்காரும். ரெண்டும் வரிக்கு 14 எழுத்து வர்ற வசந்ததிலகம்ங்கிற சந்தம்னு டீச்சரம்மா சொன்னாங்க. இதை முன்னாடியே யாராவது சொல்லியிருந்தா 650 ரூபாய் மிச்சம்.

குறை இல்லாம இல்லை. நடுவுல அடிச்சிருக்கிற ரெண்டு பின்னும் ஐப்பசி ஈரத்துல துருப்பிடிச்சு, நடுப்பக்கம் கழண்டு வந்துடுச்சு. ஊசி நூலால நானே தைச்சேன். இப்போ புத்தகம் அரிசி டப்பா மேல, சாமி ஷெல்ஃப்ல வச்சா பூஞ்சை. முன்கதையை நாலு பக்கத்துக்கு இழுத்திருக்காங்க. துவாதசியன்னைக்கு பிச்சைக்கு வந்த சின்னப் பையன் சங்கரருக்கு, வீட்டுல இருந்த ஒரே நெல்லிக்காயைக் குடுத்த ஏழை அம்மா, அவர் இந்த ஸ்தோத்திரத்தைப் பாடினதும் தங்க நெல்லிக்காயாக் கொட்டின மழை. அரைப் பக்கத்துல முடியற கதை.

பின் அட்டையைப் பார்த்தாத்தான் எரிச்சல். 48 நாள் சொன்னா கடன் தீரும், வீடு அமையும், வியாபாரம் பெருகும்னு பெரிய பட்டியல். ஸ்தோத்திரத்தோட கடைசி ஸ்லோகத்தையே இவங்க படிக்கலை போல. தினமும் துதிக்கறவங்க குணத்துல உயர்ந்து, பெரிய பாக்கியம் அடைஞ்சு, அறிவுள்ளவங்க மதிக்கிற மனசோட இருப்பாங்கன்னு அங்க இருக்கு. வீட்டுக்காரர் வெள்ளிக்கிழமை தவறாம கேட்கிறார், "தேயிலை ஏலத்துல விலை ஏறுச்சா?" ஏறலை.

பக்கத்து வீட்டு அக்காவும் ஒண்ணு வேணும்னாங்க. போன வாரம் அதே கடையில கேட்டா, அதே அட்டை, அதே 40 ரூபாய், உள்ளே புது அச்சுல எண்ணைத் தூக்கிட்டாங்க! "நம்பர் குழப்புதுன்னு கேக்கறாங்கம்மா"ன்னார் கடைக்காரர். அடியில் தேடச் சொல்லி பழைய அச்சு ஒரு பிரதி எடுத்துட்டு வந்தேன். வாங்கறவங்க அட்டையைப் பார்த்து வாங்காதீங்க. கடையில நின்னபடியே 'த³த்³யாத்³'னு தொடங்குற ஸ்லோகத்தைப் பிரிங்க. மூணாவது வரி, ரெண்டாவது க தலைமேல 4 இருக்கணும்.