துணி அலமாரிக்குப் பனை ஓலைப்பெட்டி: வாங்கலாமா?

நெல்லைப் பக்கத்துப் படுக்கையறைகளில் பெரும்பாலும் இரண்டு சங்கதிகள் இருக்கும். ஒன்று, கல்யாணச் சீராக வந்த இரும்பு பீரோ. இன்னொன்று, சுவரிலேயே குழித்துக் கடப்பாக் கல் தட்டு பதித்த அலமாரி. பழைய வீடுகளில் பலவற்றில் அதற்குக் கதவு கிடையாது. இரண்டும் இருந்தும் இடம் போதவில்லை என்று வார்ட்ரோப் அடிக்க விலை கேட்கிறார்கள். ப்ளைவுட் வேலை சதுர அடி ஆயிரம் ரூபாய்க்குக் கீழே அமைவது அரிது. ஏழடி உயரம், ஆறடி அகலம் என்றால் 42 சதுர அடி, நாற்பதாயிரத்தைத் தாண்டிவிடும்.

அந்தச் செலவுக்கு முன் தட்டுகளைக் கவனித்துப் பாருங்கள். ஒன்றரை அடி உயரத் தட்டில் சேலைகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினால், அடியில் உள்ளதை உருவும்போது மேலே உள்ளது சரியும். சரியுமே என்று பாதி உயரத்தோடு நிறுத்திவிடுவார்கள். மேல்பாதி வெறும் காற்று. அந்த வெற்றிடத்தைப் பிடிக்கப் பெட்டி போதும், புது அலமாரி தேவையில்லை. அந்தப் பெட்டி பனை ஓலையில் இருந்தால் நல்லது என்பது எங்கள் கணிப்பு. ஆனால் பார்த்து வாங்க வேண்டும்.

மணப்பாட்டில் பெண்கள் முடையும் பெட்டிகள் பேர் பெற்றவை. உடன்குடி வட்டாரத்திலும் திருச்செந்தூர்க் கடைகளிலும் ஓலைச் சாமான்கள் கிடைக்கும். கருப்பட்டி, மிட்டாய் போட்டுத் தரும் சின்னக் கொட்டான் துணிக்கு ஆகாது. நார்ப்பெட்டி வலுவானது, ஆனால் உள்பக்கம் சொரசொரப்பு. போர்வை, தலையணை உறைக்கு மட்டும் சரி. துணிக்கு ஏற்றது குருத்தோலையில் முடைந்த, மூடி இல்லாத, நீள்சதுரப் பெட்டி. கடையில் தொங்குவதை அப்படியே எடுக்காமல் அளவு சொல்லி முடையச் சொல்லுங்கள். மலிவும் அழகும் அங்கேதான் சேர்கின்றன: ஒரே அளவு, ஒரே நிறம், வரிசையாக ஆறு பெட்டி.

அளவை இப்படிக் கணக்கிடலாம். வழக்கமான பெரிய பீரோ 78 அங்குல உயரம், 36 அங்குல அகலம், 19 அங்குல ஆழம். உள்ளே அகலம் ஏறத்தாழ 34, ஆழம் 17 தேறும். ஒரு தட்டுக்கு மூன்று பெட்டி என்றால் ஒவ்வொன்றும் பத்தரை அங்குல அகலம், 15 அங்குல ஆழம். மூன்றும் சேர்ந்து முப்பத்தொன்றரை. மீதி இரண்டரை அங்குலத்தை விட்டே ஆக வேண்டும். துணி நிறைந்ததும் ஓலைப்பெட்டி வயிறு தள்ளும், பதினொன்றேகால் என்று இறுக்கிச் சொன்னவர்களுக்கு நடுப்பெட்டியை வெளியே இழுக்க முடியாது. உயரம், தட்டு இடைவெளியில் மூன்று அங்குலம் குறைவாக இருக்கட்டும். கை நுழையவும் காற்று ஓடவும் அது வேண்டும்.

இந்த அளவுப் பெட்டியில் ஜாக்கெட்டுகளைப் படுக்க வைக்காமல், மடித்துப் புத்தகம் போல் நிறுத்தி வைத்தால் ஒரு வரிசைக்கு இருபது வரை நிற்கும். லைனிங் வைத்த ஜாக்கெட் மடிப்பு முக்கால் அங்குலம் பிடிக்கும் என்ற கணக்கு. எந்த நிறம் எங்கே என்று மேலிருந்தே தெரியும். உள்பாவாடை, பனியன், பிள்ளைகளின் டி-ஷர்ட் எல்லாம் இதே மாதிரிதான். அரைகுறையாக நிரம்பிய பெட்டியில் துணி சாய்ந்துவிடும். நடுவே ஒரு அட்டையை நிறுத்தினால் போதும்.

வாங்கும்போது கையில் ஒரு மெல்லிய மல் துணி இருக்கட்டும். பெட்டியின் உட்புறம் முழுக்க, முக்கியமாக நான்கு மூலைகளிலும் விளிம்பின் கீழேயும், அதைத் தடவிப் பாருங்கள். ஓலை முடியும் இடத்தில் நுனியை உள்ளே சொருகியிருப்பார்கள். சரியாகச் சொருகாத நுனி சிலாம்பு போல் நீட்டிக்கொண்டிருக்கும். கண்ணுக்குத் தெரியாது, மல் துணியில் மாட்டும். அது பட்டுச் சேலையில் மாட்டினால் ஒரு இழை உருவி, சேலை குறுக்கே கோடு விழுந்துவிடும். ஒன்றிரண்டு நுனி என்றால் நகவெட்டியால் ஒட்ட நறுக்கிவிடலாம். கை வைத்த இடமெல்லாம் மாட்டினால் அந்தப் பெட்டியே வேண்டாம். அடுத்தது அடிப்பாகம்: இரட்டைப் பின்னலா என்று தூக்கிப் பாருங்கள். விளிம்பில் ஈர்க்கோ மட்டைப் பட்டையோ வைத்து நாரால் கட்டியிருக்க வேண்டும். வெறும் ஓலையை மடித்து விட்ட விளிம்பு, இழுத்து இழுத்துச் சில மாதங்களில் பிரியும்.

சாயம் போட்ட பெட்டியில் ஒரு சிக்கல். ரோஸும் பச்சையும் கடையில் கண்ணைப் பறிக்கும். ஈர வெள்ளைத் துணியால் ஒரு மூலையைத் தேய்த்துப் பார்த்தால் நிறம் ஏறும் பெட்டிகளே அதிகம். மழைக்கால ஈரத்தில் அதே நிறம் வேட்டியில் இறங்கும். படுக்கையறைக்கு இயற்கை வெள்ளைதான் எடுப்பு. நாள்பட அது வைக்கோல் நிறத்துக்குப் பழுக்கும்போது இன்னும் லட்சணமாக இருக்கும்.

ஓலைக்கு எதிரிகள் இரண்டு: கார்த்திகை ஈரமும் அக்கினி நட்சத்திரமும். ஐப்பசி, கார்த்திகையில் பூசணம் கரும்புள்ளியாகத் தொடங்கும். தென்காசி, செங்கோட்டைப் பக்கம் சாரல் காலத்திலும் இதே பாடு. காரணம் பெரும்பாலும் பெட்டியில் இல்லை. முக்கால் காய்ச்சலில் மடித்த துணி, இஸ்திரிச் சூடு ஆறாமல் அடுக்கிய துணி. இஸ்திரி போட்டபின் அரைமணி நேரம் வெளியே கிடக்கட்டும். பெட்டியை மாதம் ஒருமுறை காலை வெயிலில் ஒரு மணி நேரம் காட்டினால் போதும். உச்சி வெயில் கூடாது, ஓலை மொறுமொறுத்து மூலையில் வெடிக்கும். சித்திரை, வைகாசியில் வெளிப்புறத்தை மட்டும் ஈரத்துணியால் லேசாகத் துடைத்து, நிழலில் உலர்த்தி வைக்கலாம்.

கடப்பாக் கல் தட்டு மழைக்காலத்தில் சில்லென்று இருக்கும், அதில் நேராக வைத்த துணி நமுத்துப் போகும். அடியில் கோரைப்பாய் விரிப்பதே நல்ல தீர்வு. இதற்குப் பத்தமடைப் பட்டுப் பாயை வெட்டிப் பாழாக்காதீர்கள்; புவிசார் குறியீடு பெற்ற அந்த நயமான நெசவு வேறு உபயோகத்துக்கானது. சாதாரணக் கோரைப்பாய் ஒன்று நாலைந்து தட்டுக்கு வரும். நேராகக் கத்தரித்தால் பாவு நூல் பிரிந்து கோரை உதிரும். வெட்டும் கோட்டுக்கு இருபுறமும் தையல் ஓட்டி, பிறகு வெட்டி, துணிப்பட்டை வைத்து விளிம்பு கட்ட வேண்டும். தெரு முனைத் தையல்காரர் செய்து கொடுப்பார்.

தொங்கவிடும் பகுதியில்தான் நிறையப் பேர் தவறு செய்கிறார்கள். பெரியவர்கள் சட்டை ஹேங்கர் 16 முதல் 18 அங்குலம். பீரோவின் 17 அங்குல ஆழத்தில் 18 அங்குல ஹேங்கர் கதவில் இடிக்கும், 16 வாங்குங்கள். சுவர் அலமாரி 14 அங்குல ஆழம்தான் என்றால் குறுக்குக் கம்பி உதவாது. முன்னும் பின்னுமாக இழுக்கும் கம்பி வேண்டும், அதில் சட்டை முகம் காட்டித் தொங்கும். அந்தக் கம்பியை மேல் தட்டில் பொருத்தும்போது டிரில்லில் இடித்துத் துளைக்கும் ஹேம்மர் முறையை அணைத்துவிடச் சொல்லுங்கள். கடப்பாக் கல் அடி தாங்காமல் குறுக்கே விரியும். குறுக்குக் கம்பிக்கு ஒரு அங்குல ஸ்டீல் பைப் போதும், நாலடிக்கு மேல் போனால் நடுவில் ஒரு தாங்கி. சட்டைக்கு 40 அங்குல உயரம் விடுங்கள்.

கதவில்லாத அலமாரிக்கு ப்ளைவுட் கதவு அடிக்க வேண்டாம். வீரவநல்லூர்ப் பக்கத்துக் கைத்தறி நாலு முழ வேட்டி ஒன்று எடுத்து, நீளவாக்கைக் குறுக்காக வைத்து ஸ்பிரிங் ஒயரில் கோர்த்தால் நாலடித் திறப்புக்குச் சுருக்கத்தோடு சரியாக விழும். கரை மேலும் கீழும் ஓடும். கடையில் தைத்து விற்கும் திரைக்கு அந்த நறுவிசு வராது. ஒருமுறை அலசிச் சுருங்க விட்டபின் மடித்துத் தையுங்கள்.

பட்டுக்குத் தனி மரியாதை உண்டு. பழைய பருத்தி வேட்டியில் சுற்றி, மேல் தட்டில், ஒன்றின்மேல் மூன்றுக்கு மிகாமல் வைத்து, மூன்று மாதத்துக்கு ஒருமுறை மடிப்பை மாற்ற வேண்டும். அதே மடிப்பில் கிடந்தால் ஜரிகை முறியும். பாச்சா உருண்டை ஜரிகையில் படக் கூடாது, சூடத்தோடு சேர்த்தும் வைக்கக் கூடாது. இரண்டும் சேர்ந்தால் கசிந்து கறை படியும். நிழலில் நன்றாகக் காய்ந்த வேப்பிலையும் வசம்புத் துண்டும் துணிப்பையில் கட்டிப் போடலாம். பச்சை வேப்பிலை ஈரத்தைத்தான் கொண்டுவரும்.

மற்ற சாமான்கள்? இணையத்தில் விற்கும் பைப்பும் துணியும் சேர்ந்த மடக்கு அலமாரியை வாங்காதீர்கள். பிளாஸ்டிக் மூட்டு வெடிக்கும், கம்பி தொய்யும். பார்ட்டிகிள் போர்டு அலமாரி வீடு கழுவும் தண்ணீரிலேயே அடியில் ஊதிவிடும். கீல் திருகாணி ஒருமுறை கழன்றால் மறுபடி பிடிக்காது. ஜிப் வைத்த சேலை உறை பயணத்துக்கு நல்லது, வருடக்கணக்கில் பூட்டி வைக்க ஆகாது. பிளாஸ்டிக் டிராயர் அடுக்கு பிள்ளைகள் அறைக்குத் தாராளமாக வாங்கலாம், ஈரத்துக்குப் பயமில்லை.

ஆறு பெட்டி, இருபது ஹேங்கர், ஒரு கம்பி, ஒரு பாய், ஒரு வேட்டி என்று மொத்தமும் வார்ட்ரோப் செலவில் ஒரு சிறு பங்குக்குள் அடங்கிவிடும். முதலில் ஒரே ஒரு பெட்டி முடையச் சொல்லி, துணி நிரப்பி, ஒரு வாரம் இழுத்துத் தள்ளிப் பார்த்துவிட்டு மீதி ஐந்துக்குச் சொல்லுங்கள். 2023 டிசம்பரில் தாமிரபரணி புகுந்த தெருக்களில் இருப்பவர்கள் தரையை ஒட்டிய தட்டுக்கு மட்டும் ஓலை வாங்க வேண்டாம்; அங்கே மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பாதான்.