எந்தக் கிழமை என்று கேட்கும் மருந்துக்கடை

திருச்சி உறையூரில் எங்கள் தெருமுனை மெடிக்கலில்தான் மூன்று வருடமாக அம்மாவுக்கு மருந்து வாங்குகிறேன். சின்னக் கடை. சாயங்காலம் போனால் கால் மணி நேரமாவது நிற்க வேண்டும். தள்ளுபடி ஐந்து சதவீதம்தான். வீட்டுக்குக் கொண்டுவந்து தர ஆள் இல்லை. ஞாயிறு மதியத்தோடு ஷட்டர் இறங்கிவிடும். எல்லாம் தெரிந்தேதான் போகிறேன்.

அம்மாவுக்கு முடக்குவாதம். அதற்கு மெத்தோட்ரெக்ஸேட் சாப்பிடுகிறார். மூட்டு நோய்க்கு இதை வாரத்தில் ஒரு நாள் மட்டும்தான் போட வேண்டும். தினமும் போட்டால் ரத்த அணுக்கள் குறைந்து உயிருக்கே ஆபத்து. முன்பு வேறொரு கடையில் கவர் மேல் '1-0-0' என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். தினமும் காலையில் என்று எடுத்துக்கொண்டு அம்மா நான்கு நாள் தொடர்ந்து போட்டுவிட்டார். வாயெல்லாம் புண், தண்ணீர்கூட விழுங்க முடியவில்லை. ஆஸ்பத்திரியில் சேர்த்துத்தான் காப்பாற்றினோம்.

அதற்கப்புறம்தான் இந்தக் கடைக்கு வந்தேன். சீட்டை நீட்டியதும் ஃபார்மசிஸ்ட் அம்மா கேட்ட முதல் கேள்வி, "எந்தக் கிழமை போடுறாங்க தம்பி?" எனக்குக் கண் கலங்கிவிட்டது. புதன் என்றேன். கவரில் சிவப்பு மையில் 'புதன் மட்டும்' என்று பெரிதாக எழுதினார். மாதத்துக்கு நான்கு மாத்திரை, அவ்வளவுதான் தருவார்.

போன ஆடி மாதம் அம்மாவுக்குச் சிறுநீர்த் தொற்று. வேறொரு டாக்டர் கோட்ரைமாக்சசோல் என்ற ஆன்டிபயாடிக் எழுதியிருந்தார். சீட்டைப் பார்த்ததும் ஃபார்மசிஸ்ட், "அம்மா புதன்கிழமை மாத்திரை போடுறாங்கல்ல? இதோட அது சேரக் கூடாது" என்று சொல்லி, அங்கிருந்தே டாக்டருக்கு போன் போட்டார். இரண்டுமே உடம்பில் ஃபோலேட் என்ற பி வைட்டமின் செய்யும் வேலையைத் தடுப்பவை. சேர்ந்தால் ரத்த அணுக்கள் சரிந்துவிடும். டாக்டர் உடனே வேறு மருந்து எழுதிக் கொடுத்தார். ஃபார்மசிஸ்ட் தானாக எதையும் மாற்றித் தரவில்லை, அதுவும் எனக்குப் பிடித்தது. ஷெட்யூல் எச், அதாவது டாக்டர் சீட்டு இருந்தால்தான் விற்க வேண்டிய மருந்து என்றால் அதே மருந்தின் வேறு பிராண்டைக்கூடக் கடையில் இஷ்டத்துக்கு மாற்றித் தர 1945-ம் வருட மருந்து விதிகளில் இடமில்லை. 'அதேதான் சார், கம்பெனிதான் வேற' என்று எத்தனை இடத்தில் கேட்டிருக்கிறோம்!

ஒரு நாள் எனக்கு முன்னால் நின்றவர் சீட்டு இல்லாமல் அல்பிரஸோலம் என்ற பதற்றத்துக்கான மாத்திரையைக் கேட்டுச் சத்தம் போட்டார். ஃபார்மசிஸ்ட் கொடுக்கவில்லை. அது ஷெட்யூல் எச்1 மருந்து, இன்னும் கடுமையான கட்டுப்பாடு உள்ள பட்டியல். 2014 மார்ச்சிலிருந்து டாக்டர் பெயர், நோயாளி பெயர், அளவு எல்லாம் தனி நோட்டில் எழுதி மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும். அந்த நோட்டு கல்லாவுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது, அட்டை கிழிந்து டேப் ஒட்டியபடி.

பில்லில் பேட்ச் நம்பரும் காலாவதி தேதியும் தெளிவாக இருக்கும். பாதி அட்டை கேட்டால், தேதி இருக்கும் பக்கத்தை விட்டுவிட்டுத்தான் வெட்டுவார், மிச்சம் வாங்குகிறவருக்கும் தேதி தெரிய வேண்டுமே.

ஒரே குறை, வயதானவர்கள் உட்கார ஒரு ஸ்டூல்கூட இல்லை. முதலாளியிடம் இரண்டு முறை சொல்லிவிட்டேன், மூன்றாம் முறையும் சொல்வேன். நீங்கள் போனால், வீட்டில் சாப்பிடும் மற்ற மாத்திரைகளின் சீட்டையும் எடுத்துப் போங்கள், கண்டிப்பாகக் கேட்பார்.