கிட்ட இருப்பதா, எட்ட இருப்பதா?

காரைநகர் கசூரினா கடற்கரையில் 8 அங்குலத் தொலைநோக்கியோடு நிற்கிறீர்கள் என்று வையுங்கள், எந்தக் கருந்துளையைத் தேடுவது? தனுசுப் பக்கம் எங்கள் பால்வீதியின் மையக் கருந்துளை 26,000 ஒளியாண்டில்தான் இருக்கிறது, சூரியனைப் போல 40 இலட்சம் மடங்கு நிறை. ஆனால் தொலைநோக்கியில் தெரியாது. இடையில் தூசி, அதற்கு இரையும் குறைவு.

3சி 273 என்ற குவாசரோ (வாயுவை விழுங்கும் பெரிய கருந்துளையால் ஒளிரும், வேறொரு விண்மீன் கூட்டத்தின் மையம்) 240 கோடி ஒளியாண்டு தள்ளி இருந்தும், சித்திரை இரவில் கன்னி ராசியில் மங்கல் புள்ளியாகத் தெரியும்! சரி, கருந்துளை எப்படி ஒளிவிடும்? அது விடுவதில்லை, உள்ளே விழப்போகும் வாயு தட்டு மாதிரிச் சுழன்று உரசிச் சூடேறி, தன் நிறையில் ஏறக்குறைய 10 சதவீதத்தை ஆற்றலாக வெளியே தள்ளிவிடுகிறது, சூரியனுக்குள் நடக்கும் அணுக்கரு இணைவில் வெறும் 0.7 சதவீதம்தான்.

என் தெரிவு குவாசர். நிலவில்லாத இரவாகப் பாருங்கள், நுளம்புத்திரியும் கொண்டுபோங்கள்.