பகடையா, அட்டையா, கைச்சைகையா: மிருதங்கமும் ரவானும் சேரும் குழுவுக்கு எது பொருந்தும்?

மொரீஷியஸில் கர்நாடக இசை பயின்றவர்களும் சேகா என்னும் அத்தீவின் நாட்டார் இசையை வாசிப்பவர்களும் ஒரே மேடையில் அமரும்போது, கச்சிதமாக ஒத்திகை பார்த்த பாட்டைவிட, விதி வைத்து அங்கேயே உருவாக்கும் இசைதான் இரு தரப்புக்கும் சமமான இடம் தருகிறது. ஒரு வாய்ப்பாட்டு, ஒரு வயலின், ஒரு மிருதங்கம், ஒரு ரவான் (தோல் கட்டிய சட்டக் கொட்டு), ஒரு மரவான் (குலுக்கி ஒலிக்கும் கருவி) என ஐந்து பேரை மனத்தில் வைத்து மூன்று வழிகளை ஒப்பிடலாம்.

தாளக் கணக்கை முதலில் தீர்த்துவிட வேண்டும். சேகாவின் நடை ஆறு எட்டு. ஒரு சுற்றுக்கு ஆறு தட்டு. ஒரு எண்ணிக்கைக்கு மூன்று தட்டு என்று வைத்தால் ஆதி தாளத்தின் 8 எண்ணிக்கையில் ரவானுக்கு 4 சுற்று. மிருதங்கம் சதுஸ்ரத்தில், அதாவது எண்ணிக்கைக்கு நான்காகப் போனாலும் எண்ணிக்கையின் தலையில் இருவரும் சந்திப்பார்கள். இந்த ஏற்பாடு இல்லாமல் எந்த விளையாட்டையும் தொடங்கக் கூடாது.

பகடை

மொட்சார்ட் பெயரில் 1790களில் அச்சான பகடை விளையாட்டில் 16 இடம், இடத்துக்கு 11 துண்டு, ஆக 176. ஆனால் அதில் எல்லாத் துண்டுகளும் முன்பே எழுதியவை. பகடை கோத்துத்தான் தரும். நமக்கு வேண்டியது வேறு: பகடை எண்ணைத் தர, அதைக் கலைஞர் அந்த நொடியில் இசையாக்க வேண்டும்.

ஒற்றைப் பகடையை வைத்துத் தீர்மானம் (ஒரு சொல்லை மும்முறை வாசித்து முடிக்கும் முத்தாய்ப்பு) அமைப்பது அருமையான பயிற்சி. ஆவர்த்தனம் என்பது தாளத்தின் ஒரு முழுச் சுற்று; எண்ணிக்கைக்கு நான்கு மாத்திரை என்றால் அரை ஆவர்த்தனம் 16 மாத்திரை. விழுந்த எண்ணின் நீளத்துக்கு ஒரு தாளச் சொல்லை மும்முறை வாசித்துச் சமத்தில் (தாளத்தின் தொடக்கத்தில்) இறங்க வேண்டும். 4 விழுந்தால் 12 போக மீதி 4. இரண்டு இடைவெளிக்கும் இரண்டிரண்டு. 3 விழுந்தால் மீதி 7; முதலில் ஒரு மாத்திரை விட்டு, இடைவெளி மூன்று மூன்று. 5 விழுந்தால் முதலில் ஒன்று விட்டு, இடைவெளியே இல்லாமல் தொடர வேண்டும். ஒற்றை எண் என்றால் தொடக்கத்தில் ஒரு மாத்திரை விடுவது கட்டாயம். 6 விழுந்தால் 18. அரை ஆவர்த்தனத்தில் கொள்ளாது, முழு ஆவர்த்தனம் எடுத்து ஏழேழு இடைவெளி விட வேண்டும். இதை முன்பே சொல்லாவிட்டால் 6 விழும்போதெல்லாம் தாளம் உடையும்.

இரண்டு பகடை உருட்டினால் 7 வர 36ல் 6 வாய்ப்பு. 12 வர ஒன்றே ஒன்று. அதனால் ‘எல்லோரும் நிறுத்து’ என்பதை 12க்கும், அடிக்கடி வேண்டியதை 7க்கும் வையுங்கள். பகடையின் பெருங்குறை, அதற்குக் காது இல்லை. வயலின் அழகாக ஒரு சஞ்சாரம் பிடித்த வேளையிலேயே அதை அறுத்துவிடும். பழகிய கையின் வழக்கங்களை உடைக்க இதைவிட நல்லதில்லை. மேடைக்கு இது போதாது.

அட்டை

அமெரிக்க இசையமைப்பாளர் ஜான் சோர்ன் 1984ல் உருவாக்கிய ‘கோப்ரா’ என்ற இசை விளையாட்டுதான் இதற்கு முன்மாதிரி. எந்த ஸ்வரம் என்று அட்டை சொல்லாது. யார் வாசிப்பது, யார் வாசிக்காமல் விடுவது, எப்போது மாறுவது என்றே சொல்லும். கலைஞர் சைகையால் கேட்பார். நடுவில் இருப்பவர் அட்டையை உயர்த்துவார். அது கீழே இறங்கும் நொடியில் மாற்றம். முடிவு கலைஞர்களுடையது என்பதே இதன் உயிர். ஐந்து பேர் குழுவுக்கு இதையே பரிந்துரைக்கிறோம்.

தொடங்க ஆறு அட்டை போதும்: மாற்று (வாசிப்பவர் விட, விட்டவர் தொடங்க), இருவர், நினைவு 1, நினைவு 2, குறைப்பு, நிறுத்து. ‘நினைவு’ என்றால் அப்போது ஒலிப்பதை எல்லோரும் மனத்தில் குறித்துக்கொள்வது. மறுபடி காட்டும்போது அங்கே திரும்ப வேண்டும். ‘குறைப்பு’ மிருதங்கக்காரருக்குப் பழகியது: மாறி மாறி 8, 4, 2, 1 எண்ணிக்கை. ரவான் வாசிப்பவருக்குச் சொற்கட்டு தெரிந்திருக்க வேண்டியதில்லை, எண்ணிக்கை தெரிந்தால் போதும்.

சிக்கல் மூன்று இடத்தில் வரும். ஒன்று, கச்சேரி அமர்வில் மிருதங்கம் பாடகரை நோக்கிப் பக்கவாட்டில் இருப்பதால் அட்டை கண்ணில் படாது, அரைவட்டமாக உட்காருங்கள். இரண்டு, மிருதங்கத்துக்கும் ரவானுக்கும் வயலினுக்கும் இரு கையும் வேலையில் இருக்கும், சைகை காட்ட முடியாது. தான் விட்டிருக்கும் ஆவர்த்தனத்தில் மட்டும் கேட்பது என்று விதி வைத்தால் இது தீரும். கூடவே, எல்லோரும் ஓயாமல் வாசிக்கும் நோயும் குறையும். மூன்று, அட்டை நடு ஆவர்த்தனத்தில் இறங்கினால் கர்நாடகக்காரர் சமத்துக்குக் காத்திருப்பார், சேகாக்காரர் உடனே மாறுவார். ‘நிறுத்து’ மட்டும் உடனே, மற்றவை அடுத்த சமத்தில் என்று முடிவு செய்யுங்கள்.

கைச்சைகை

முன்னால் நிற்பவர் கைச்சைகையால் அங்கேயே இசையை உருவாக்கும் வழி இது. அமெரிக்க இசைக்கலைஞர் வால்டர் தாம்சன் 1974ல் தொடங்கிய சவுண்ட்பெயின்டிங்கில் யார், என்ன, எப்படி, எப்போது என்ற வரிசையில் சைகை வரும். இன்னொரு அமெரிக்கரான புட்ச் மோரிஸ் 1985 முதல் நடத்திய ‘கண்டக்ஷன்’ இதே வகையில் இன்னொரு மரபு. தமிழும் கிரியோலும் கலந்து பேசும் குழுவில் மொழியே தேவைப்படாதது பெரிய வசதி. பதினைந்து இருபது பேர், அதிலும் மாணவர்கள் என்றால் இதுதான் சரி. ஆனால் இசை ஒருவரின் ரசனைக்குள் அடங்கிவிடும். அவர் சோர்ந்தால் குழுவே சோரும். ஐந்து பேருக்கு இவ்வளவு அதிகாரம் வேண்டாம்.

எந்த வழியானாலும், ஆட்டுத்தோல் ரவான் ஈரக்காற்றில் தளரும். ரவான் நீண்ட நேரம் வாசிக்காமல் விட்டிருக்கும் விதி வைத்தால், இடையில் தீயில் காய்ச்ச ஒரு இடைவேளையையும் சேர்த்தே திட்டமிடுங்கள்.