மராஸ்கினோ செர்ரி: அமெரிக்கச் சிவப்பா, இத்தாலியக் கருஞ்சிவப்பா?

ஐஸ்கிரீம் மேல் வைக்க, சர்க்கரைப் பாகில் ஊறிய இந்த செர்ரிகளில் எதை வாங்குவது என்று தயங்குபவர்கள் முதலில் ஜாடியின் பின்பக்கத்தைப் படியுங்கள்.

தயாரிப்பு:
அமெரிக்க வகை: பழத்தைச் சல்பர் டை ஆக்சைடும் கால்சியம் உப்பும் கலந்த நீரில் ஊறவைத்து வெளுத்து, சர்க்கரைப் பாகும் நிறமும் ஏற்றுகிறார்கள்.
லுக்ஸார்டோ என்ற பிராண்டு போன்ற இத்தாலிய வகை: முக்கியமாக மராஸ்கா என்ற புளிப்புச் செர்ரி, சர்க்கரை, அந்தச் செர்ரியின் சாறு.

நிறம்:
அமெரிக்க வகையில் பெரும்பாலும் ரெட் 40 என்ற செயற்கைச் சிவப்பு நிறமி. இது சேர்ந்த உணவுகளில், குழந்தைகளின் கவனத்தைப் பாதிக்கலாம் என்ற எச்சரிக்கையை ஐரோப்பிய ஒன்றியம் கட்டாயமாக்கியுள்ளது. முன்பு பயன்பட்ட ரெட் 4 நிறமி அமெரிக்காவில் இந்தச் செர்ரிகளிலிருந்து 1976இல் விலக்கப்பட்டது. ரெட் 3 என்ற இன்னொரு நிறமிக்கு 2025 ஜனவரியில் அமெரிக்கா தடை அறிவித்தது. பழைய ஜாடி இருந்தால் அதில் ரெட் 3 இருக்கிறதா என்று அவசியம் பாருங்கள்.
லுக்ஸார்டோவில் செயற்கை நிறம் இல்லை.

பதப்படுத்திகள்:
அமெரிக்க வகையில் சோடியம் பென்சோயேட், பொட்டாசியம் சோர்பேட். அனுமதித்த அளவில் இவை எனக்குக் கவலை தரவில்லை. வெளுக்கப் பயன்படும் சல்பர் டை ஆக்சைடிலிருந்து வந்து, கழுவிய பிறகும் தங்கக்கூடிய சல்பைட்தான் ஆஸ்துமாக்காரர்களுக்கு ஆபத்து.
லுக்ஸார்டோவில் கெட்டியான சர்க்கரைப் பாகே காவல். குளிர்பெட்டியில் வைத்தால் சர்க்கரை படிகமாகிவிடும்.

விலை: இத்தாலிய வகை பல மடங்கு அதிகம்.

எப்போதாவது ஒரு விருந்து, நிறைய கேக் என்றால் அமெரிக்க வகை போதும். குழந்தைகள் அடிக்கடி கேட்கும் வீட்டுக்கு, விலை கூடினாலும், இத்தாலிய வகையையே சொல்வேன். ஒரு வேளைக்கு ஒன்றிரண்டு, ஏனெனில் சர்க்கரை இரண்டிலும் ஏராளம்.